கேட்பதற்கு ஒரு கடிதம்

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். நான் டைப் அடிக்கும் பம்பு கம்பெனியின் தெற்குக் கிளையில் டைப்பிஸ்ட் இடம் காலியாக இருக்கிறதா, இல்லையா? இதைத் தலைமை ஆபீஸில் கேட்க இருபத்தாறு நாள் அலைந்தேன்.

அந்தக் கிளை அம்மா வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தாள். கூட இருந்தது தங்கச்சி மட்டும்தான். அவளுக்கு எட்டாம் மாதம். குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த பெண், ஒரு நாளைக்கு ஐந்து தடவை அம்மாவைத் தூக்கிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். என் லீவெல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. வேலையை விடவும் வழியில்லை. மூன்று பேர் சாப்பாடும் மருந்தும் என் சம்பளத்தில்தான். மாற்றல் கிடைத்தால் விடுதியிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே கிளம்பிவிடுவேன்.

போன் போட்டுக் கேட்டால் என்ன என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்கள் ஆபீஸில் அது நடக்காது. எப்போதோ யாரோ போனில் ஆர்டர் சொல்லி, பன்னிரண்டு பம்புகள் வேறு ஊருக்குப் போய் இறங்கினவாம். அன்றிலிருந்து தலைமை ஆபீஸுக்கு எதுவானாலும் எழுத்தில்தான் போக வேண்டும். கடிதம் முதலில் ஹெட்கிளார்க் மேசைக்குப் போகும், பிறகு மேனேஜர் மேசைக்கு. ஒரு திருத்தம் விழுந்தாலும் முழுவதையும் புதிதாக டைப் செய்து, புது எண் வாங்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மேனேஜர் கையெழுத்துப் போடுவது செவ்வாயும் வெள்ளியும் மட்டும். அவரும் ஹெட்கிளார்க்கும் பேசிக்கொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. சொல்ல வேண்டியதையெல்லாம் கடிதத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்வார்கள்.

நான் இரண்டே வரி எழுதினேன். இடம் காலியா என்று விசாரிக்கிறோம், தயவுசெய்து தெரிவியுங்கள். கடிதம் ஆங்கிலத்தில்தான்; விசாரிக்கிறோம் என்பதற்கு வரும் ‘என்கொயர்’ என்ற சொல்லை ஈ எழுத்தில் தொடங்கினேன்.

ஹெட்கிளார்க் அதைப் பச்சைப் பென்சிலால் சுழித்து ஐ போட்டார். “ஆபீஸ் கடிதம்மா இது. ஐ போட்டாத்தான் கௌரவம். ஈ எல்லாம் கடைக்காரங்க எழுதுறது” என்றார்.

திருத்தி அனுப்பினேன். மேனேஜர் சிவப்பு மையில் ஐ-யை அடித்துவிட்டு ஈ போட்டார். ஓரத்தில் ஒரு பாடமே எழுதியிருந்தார். சும்மா ஒரு தகவல் கேட்பதற்கு ஈ, குற்றம் குறையைத் துருவுவதற்கு ஐ. நாம் தலைமை ஆபீஸைத் துருவப்போகிறோமா?

ஹெட்கிளார்க் விடுவாரா? சில நாடுகளில் இரண்டுக்குமே ஐ-தான் என்று அகராதிப் பக்கம் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துக் குத்தி அனுப்பினார். மேனேஜர் அதைவிடத் தடியான அகராதியிலிருந்து இரண்டு பக்கம் குத்தினார். என் இரண்டு வரிக் கடிதம் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நாளுக்கு நாள் கனத்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. “எந்த எழுத்தா இருந்தா என்ன சார், கேட்டா அவங்களுக்குப் புரியாதா?” என்று ஹெட்கிளார்க்கிடம் கேட்டேவிட்டேன்.

“இப்படிப் பேசினா மொழி என்னத்துக்கு ஆகும்?” என்றார். மொழி என்னத்துக்காவது ஆகட்டும், என் தங்கச்சி என்னத்துக்கு ஆவாள்?

அவள் தினமும் மத்தியானம் போன் செய்வாள். “கேட்டியாக்கா?”

“கேட்டுக்கிட்டே இருக்கேன்டி.”

“கேக்குறதுக்கு இவ்வளவு நாளா? எனக்கு முதுகு விட்டுப் போச்சுக்கா. அம்மா வேற என்னைப் பார்த்துப் பார்த்து அழுவுது.”

இருபதாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்தச் சொல்லே வேண்டாம் என்று தூக்கிவிட்டேன். இடம் காலியாக உள்ளதா என அறிய விரும்புகிறோம். அவ்வளவுதான். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். நான்கு நாள் கழித்துக் கடிதம் திரும்பி வந்தது. கேட்கிற கடிதத்தில் கேட்கிற சொல்லைக் காணோமே என்று பச்சையில் ஒன்று, அதற்குக் கீழே சரி என்று சிவப்பில் ஒன்று. இரண்டு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான். மேசை டிராயரை இழுத்து அறைந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இருபத்தாறாம் நாள் காலை தங்கச்சி பேசவே இல்லை, அழுதாள். அம்மாவைத் தூக்கும்போது அடிவயிற்றைச் சுருக்கென்று பிடித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, ஆனால் இனிமேல் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். போனை வைத்தேன். அதே போனை எடுத்துத் தலைமை ஆபீஸுக்குச் சுழற்றினேன். ஹெட்கிளார்க் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

எடுத்தது ஒரு பெண். விஷயத்தைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

“அந்த இடமா?” என்றாள். “ஆறு மாசமா காலியாத்தான் கிடந்துச்சு. ஒருத்தரும் கேக்கலையேன்னு போன வெள்ளிக்கிழமைதான் அந்த வேலையையே எடுத்துட்டாங்க. ஐயோ, ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா நீங்க?”

ஹெட்கிளார்க் முகத்தைப் பார்த்தபடியே ரிசீவரை வைத்தேன்.

அனுமதி இல்லாமல் போன் செய்தது பெரிய குற்றமாகிவிட்டது. ஹெட்கிளார்க் எழுந்து மேனேஜர் அறைக்குள் போனார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு இருவரும் வாய் திறந்து பேசினார்கள். திங்கள்கிழமை பத்து மணிக்கு என் மேல் விசாரணை என்று நோட்டீஸ் கொடுப்பதாக முடிவானது. ஆபீஸில் வேறு டைப்பிஸ்ட் இல்லை, ஆகவே என் நோட்டீஸை நானே டைப் செய்தேன். அந்தப் பாழாய்ப்போன சொல் அதில் மூன்று இடத்தில் வந்தது. வேண்டுமென்றே ஒன்றை ஈ-யிலும் இரண்டை ஐ-யிலும் அடித்தேன். அன்று புதன்கிழமை. இருவரும் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்கள். எல்லாம் அரை மணி நேரம்.

மேனேஜர் நோட்டீஸை என்னிடம் நீட்டினார். “திங்கக்கிழமை பத்து மணிக்கு இங்க இருக்கணும்.”

“திங்கக்கிழமை அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க ஆள் இல்ல சார். நான் அங்க இருப்பேன்.”

“லீவு இல்லையேம்மா உனக்கு. யாரைக் கேட்டுப் போறே?”

“கேட்டா இருபத்தாறு நாள் ஆவுது சார்.”

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேலை போய்விடும் என்று தெரியும். அடுத்த மாதம் மருந்துக்கு என்ன செய்யப்போகிறோம் என்றுதான் தெரியவில்லை. பஸ் ஏறுவதற்கு முன் பூத்திலிருந்து தங்கச்சிக்குப் போன் செய்து, கிளம்பிவிட்டேன் என்றேன். மாற்றல் கிடைத்துவிட்டதா என்று அவள் கேட்பாள் என நினைத்தேன். அவள் கேட்கவில்லை.

“எத்தனை மணிக்கு வருவே?” என்றாள்.