முதல் கட்டை வண்டி

திரௌபதி அம்மன் தீமிதிக் குழியில் இறங்கும் முதல் கட்டை எங்கள் வீட்டுக் கட்டை. ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு எமகண்டம் தொடங்கும். அதற்குள் கட்டை இறங்கிவிட வேண்டும். ஒரு வருடம் தவறினாலும் உரிமை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். என் பாட்டனார் காலத்தில் அப்படித்தான் அது எங்களிடம் வந்தது. அடுத்த வீடு என்றால் வீரபாகுவின் வீடு. ஆறு வருடங்களுக்கு முன் திருவிழா பேனரில் தன் படத்தை என் படத்துக்கு மேலே போட்டவன் அவன். அன்றிலிருந்து அவனோடு நான் பேசுவதில்லை.

இந்த வருடம் பெரிய காஞ்சிபுரத்து மரவாடியில் எங்கள் பிக்கப் நிறையப் புளியங்கட்டை ஏற்றிக்கொண்டு பதினொரு மணிக்குக் கிளம்பினோம். ஓட்டியவள் என் மருமகள் ரேவதி. தினமும் காய்கறி ஏற்றிக்கொண்டு அந்த வண்டியை ஓட்டுகிறவள் அவள்தான். நான் தலையில் பரிவட்டத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் வீரபாகுவின் டிராக்டர், இரண்டாவது கட்டையோடு வந்தது. இரண்டாவது வண்டி முதல் வண்டியைத் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டுமானால், முதல் வீட்டுக்காரன் தன் வாயால் 'வழி விட்டேன்' என்று சொல்ல வேண்டும்.

செவிலிமேட்டைக் கடந்து, அக்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போகப் பாலாற்றுப் பாலத்தில் ஏறினோம். பாதிப் பாலத்தில் வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது.

"மாமா, டீசல் தீந்துபோச்சு."

"முள் பாதியில நிக்குதேம்மா!"

"அது ரெண்டு வருஷமா பாதியிலதான் நின்னுக்கினு இருக்குது."

உண்மைதான். டேங்குக்குள் இருக்கும் மிதவை கெட்டுவிட்டது, டேங்கைக் கழற்ற வேண்டும், ஒரு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்று மெக்கானிக் சிவராஜ் எப்போதோ சொன்னான். எங்கள் வண்டி வயிற்றைத் திறந்துபோட்டுக்கொண்டு ரோட்டோரம் கிடப்பதா? நான் சம்மதிக்கவில்லை. டேங்கை நிரப்பும்போதெல்லாம் மீட்டர் பொத்தானை அழுத்திச் சுழியத்தில் வைப்போம். நானூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி நிரப்புவோம். இரண்டு வருடமாக அதில் ஒரு பிசகும் வந்ததில்லை.

"மீட்டரைப் பாருங்க மாமா. பதினேழுதான் காட்டுது. நேத்து அவரு டேங்க் ரொப்பியிருப்பாருன்னு நெனச்சேன்" என்றாள். அவர் என்பது என் மகன் வசந்த்.

காலையில் வண்டிக்குச் சந்தனம் வைத்தவன் நான். மீட்டர் முன்னூற்றுத் தொண்ணூற்றெட்டில் நின்றது. அம்மன் காரியத்துக்கு எட்டில் முடிகிற எண்ணோடு கிளம்புவதா என்று பொத்தானை அழுத்திவிட்டேன். அதை அவளிடம் அப்போது சொல்ல வாய் வரவில்லை.

மணி பதினொன்று இருபத்தைந்து. "யாராவது டீசல் கொண்டாந்தாலும் பத்தாது மாமா. லைன்ல காத்து பூந்திருக்கும். அதை எடுத்து ஸ்டார்ட் பண்றதுக்குள்ள மணி பன்னெண்டு தாண்டிடும்" என்றாள் ரேவதி.

வீரபாகு டிராக்டரை விட்டு இறங்கி வந்தான்.

"இன்னாம்மா, வண்டி விரதமா?"

"டீசல் இல்லண்ணா."

"கயிறு இருக்குது. கட்டி இழுத்துக்கினு போயிடறேன்."

இழுப்பவன் முன்னால் போவான். அவன் கட்டை முதலில் ஊருக்குள் நுழையும். நான் ரேவதியைப் பார்த்துச் சொன்னேன்: "கயிறு வேணாம்னு சொல்லும்மா."

"காதுல விழுந்துச்சு" என்றான் வீரபாகு. "அப்போ வழி விட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு, நான் போறேன்."

"முடியாதுன்னு சொல்லும்மா."

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் இன்னா செல்போன் டவரா?" என்று கத்தினாள் ரேவதி. "வீரபாகு அண்ணா, பின்னால இருந்து தள்ளுங்க. எங்க வண்டி முன்னால, உங்க வண்டி பின்னால. முறையும் மாறாது."

வீரபாகு மீசையைத் தடவினான். "தள்ளலாம். உன் மாமாவே கேக்கட்டும்."

பதினொன்று முப்பத்திரண்டு. பாலத்தில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு விலகிப் போயின. பரிவட்டத்துக்குள் வியர்வை வழிந்தது. பாட்டனார் வாங்கிய உரிமை இந்தப் பாலத்தோடு போய்விடும்.

"வீரபாகு, தள்ளுப்பா" என்றேன்.

"ஆறு வருஷம் கழிச்சி பேரச் சொல்லிட்டீங்கண்ணா!" என்று அவன் ஓட்டமாக ஓடினான். இரண்டு வண்டியும் இடித்துக்கொள்ளாதபடி டிராக்டரின் முன்பக்கம் ஒரு பழைய டயரைக் கட்டினான். டிராக்டர் உறுமியது. எங்கள் வண்டி நகர்ந்தது!

இன்ஜின் ஓடாத வண்டியில் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. ரேவதி எழுந்து நிற்காத குறையாக ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினாள். பாலம் முடிந்து சரிவு வந்ததும் வண்டி டிராக்டரை விட்டுவிட்டுத் தானாகவே பாய்ந்தது. "விலகு! விலகு!" என்று நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினேன். ஆடுகள் சிதறின. சமதளம் வந்ததும் டிராக்டர் எட்டிப் பிடித்து மறுபடி முட்டியது. எழுபத்தோரு வயதில் அப்படி நான் கத்தியதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

குழியருகே ரேவதி கைபிரேக்கை இழுத்தாள். வசந்த் ஓடி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தான். பதினொன்று ஐம்பத்து மூன்று.

கூட்டத்தில் ஒருவன் சொன்னான்: "டிராக்டர்தானே கொண்டாந்துச்சு? முதல் கட்டை வீரபாகுதுதான்."

பூசாரி ராமலிங்கம் வீரபாகுவைப் பார்த்தார்.

"யாரு முன்னால வந்தாங்கன்னு பாரு சாமி" என்றான் வீரபாகு. "நான் அண்ணன் பின்னாலதான் வந்தேன்."

அதே ஆள் விடவில்லை. "பொம்பளைகிட்ட வண்டியைக் குடுத்தா டீசல யாரு பாக்கறது?"

ரேவதி தலைகுனிந்தாள். எங்கள் வீட்டுப் பெண் எங்கள் குழிக்கு முன்னால் தலைகுனிந்து நிற்பதா? பரிவட்டத்தைச் சரிசெய்துகொண்டு உரக்கச் சொன்னேன்:

"மீட்டரை அழுத்திக் கெடுத்தவன் நான். எட்டுல முடியுதுன்னு அழுத்தினேன். அவ மேல ஒரு தப்பும் கிடையாது. இந்தக் கட்டையை இங்க கொண்டாந்து சேத்தவ அவதான்."

"எட்டுக்கா பயந்தீங்க?" என்று வீரபாகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கூட்டமும் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பம்பை முழங்கியது. அடிக்கட்டையை நான் தோளில் வாங்கினேன். மறுமுனையை வசந்த் பிடிக்க வந்தான். "நீ தள்ளிக்கோ" என்று சொல்லி ரேவதியைக் கூப்பிட்டேன். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து தூக்கினாள். கட்டை குழியில் விழுந்தபோது மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.