வெண்டலின் ஐஸ் பெட்டி

வெண்டல் டோலஃப்சன் கடையில் விற்கும் ஐஸ் பெட்டியைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார். பிளாஸ்டிக் பெட்டி வாங்குகிறவனுக்குச் சொந்தமாக இரண்டு கைகள் இருந்தும் பயனில்லை என்பது அவருடைய கட்சி. பேப்பர் ஆலையில் முப்பத்தொரு வருஷம் மெஷின் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். அவரைச் சும்மா உட்கார வைப்பது அந்த ஊரில் யாராலும் முடியாத காரியம்.

காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற குட்டி டிரெய்லர் ஒன்றை இரண்டு வருஷத்துக்கு முன் அவரே செய்தார். உள்ளே இருவர் ஒட்டிப் படுக்கலாம். பின்பக்க மூடியைத் தூக்கினால் ஒரு சமையல் மேடை. அந்த மேடைக்கு அடியில் வைக்கத்தான் இந்த வசந்த காலம் முழுவதும் ஐஸ் பெட்டி வேலை நடந்தது. நான்கு பக்கமும் நான்கு அங்குலத்துக்குத் தெர்மோகோல், அதற்கு வெளியே பிளைவுட், உள்ளே ஃபைபர் கிளாஸ் பூச்சு, மூடிக்கு இரட்டை ரப்பர் பீடிங். பூச்சு நாற்றத்தில் மூன்று வாரம் வீட்டில் காப்பியே காப்பியாக மணக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கன்றுக்குட்டியைப் படுக்க வைக்கலாம் போலிருந்தது. உள்ளே கை விட்டால் முழங்கை இடித்தது.

அவருடைய மனைவி மார்லிஸ் தன் உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தை இறக்கிப் பார்த்தாள். இறங்கவில்லை.

"பாத்திரம் பெருசும்மா," என்றார் வெண்டல்.

"பெட்டி சின்னதுன்னு சொல்ல வாய் வராதே உனக்கு."

"அஞ்சு நாள் ஐஸ் நிக்கும். அதைச் சொல்லு."

மார்லிஸ் சிறிய பாத்திரம் வாங்கினாள். அந்தச் சாலட் அவளுக்கு வெறும் சாலட் இல்லை. ஆறு வருஷமாகப் பேசாத அவளுடைய அக்கா ஆர்டிஸ், ஏரிக்கரை முகாமுக்குச் சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வருவதாகத் தபால் அட்டையில் இரண்டு வரி எழுதியிருந்தாள். இதுவும் கெட்டால் இனி ஒரு சந்தர்ப்பம் கிடையாது என்று மார்லிஸுக்குத் தெரியும். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது.

பிளவுக்குக் காரணமும் வெண்டலின் கைகள்தான். ஆறு வருஷத்துக்கு முன் நன்றி நாள் விருந்துக்கு ஆர்டிஸ் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவளுடைய புது ஃபிரிட்ஜின் கதவு ரப்பர் வழியாகக் குளிர் ஒழுகுகிறது என்று கண்டுபிடித்தார். யாரும் கேட்காமலே கதவைக் கழற்றினார். திரும்ப மாட்டத் தெரியவில்லை. வான்கோழி கெட்டது, இனிப்புப் பலகாரம் கெட்டது, பதினான்கு பேர் டப்பா சூப் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அதோடு பேச்சு நின்றது.

ஜூலை முகாமுக்கு முப்பது குட்டி டிரெய்லர்கள் வந்திருந்தன. அங்கே வருகிறவர்களின் வேலை, அடுத்தவன் டிரெய்லரின் பின்மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று அரை மனதோடு சொல்வது. வருஷா வருஷம் ஒரு போட்டியும் உண்டு. வியாழன் மத்தியானம் எல்லோருக்கும் பத்து பவுண்டு ஐஸ் பாளம் ஒன்று கொடுப்பார்கள். ஞாயிறு காலையில் யாருடையது அதிக எடை நிற்கிறதோ அவருக்குக் கேடயம். பெட்டி வீட்டில் செய்ததாக இருக்கவேண்டும், சாப்பாடும் அதற்குள் இருக்கவேண்டும். இரண்டு வருஷமாகக் கேடயத்தை வாங்கியவர் கர்ட்டிஸ் என்கிற பல் டாக்டர். பல் பிடுங்குகிறவன் தச்சு வேலையில் ஜெயிப்பதை வெண்டலால் ஜீரணிக்க முடியவில்லை.

வியாழக்கிழமை மார்லிஸே தன் கையால் சாலட்டையும் சாஸேஜையும் பெட்டிக்குள் அடுக்கினாள். அதற்குப் பிறகு மூடியின் பக்கம் அவளை அவர் விடவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று வேளையும் ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும்.

"ஒரு சாஸேஜ் எடுத்தா உன் ஐஸ் அழுதுடுமா?"

"ஒரு தடவை திறந்தா கால் பவுண்டு போச்சு. கணக்கு போட்டுப் பாத்துட்டேன்."

இரண்டு ராத்திரியும் ஏரிக்காற்று எலும்பைத் துளைத்தது. கம்பளிப் போர்வையை வீட்டிலேயே விட்டுவிட்டோம் என்றார் வெண்டல். எடுத்து வைத்த ஞாபகம் மார்லிஸுக்கு இருந்தது. ஆனாலும் கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்தாள். அவளோடு எப்போதும் இதுதான் வம்பு, அவர் சொன்னால் தன் ஞாபகத்தையே நம்பமாட்டாள்.

சனிக்கிழமை ஆர்டிஸ் வந்தபோது வெயில் கொளுத்தியது. ஏ.சி. வேலை செய்யாத காரில் இரண்டு மணி நேரம் வந்திருக்கிறாள். முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது. தங்கையைக் கட்டிப்பிடிக்கவில்லை, தோளைத் தொட்டாள். வெண்டலைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

"ஜில்லுன்னு எதாவது குடிக்கிறியா?" என்றாள் மார்லிஸ்.

"ஐயோ, வேண்டாம். எனக்காக எதுக்குச் சிரமம்?"

அந்த மினசோட்டா மாநிலத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இதற்கு அர்த்தம் தெரியும். முதல் தடவை வேண்டாம் என்பார்கள், இரண்டாம் தடவையும் வேண்டாம் என்பார்கள், மூன்றாம் தடவை "நீ சொல்றதால கொஞ்சமா" என்று வாங்கிக் குடிப்பார்கள். வெண்டலுக்கும் தெரியும், அவரும் இங்கே பிறந்தவர்தான்.

"பாத்தியா, வேண்டாமாம்," என்றார் வெண்டல் அவசரமாக. "குழாய்த் தண்ணியே நல்லா ஜில்லுன்னு வருது."

ஆர்டிஸ் கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள். அவள் கண் காரை ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பியது. மார்லிஸ் நேராக ஐஸ் பெட்டியிடம் போனாள்.

"மார்லிஸ்! இன்னும் இருபது மணி நேரந்தாம்மா! மார்லிஸ்!"

மூடியைத் தூக்கினாள். சாலட் இல்லை. சாஸேஜ் இல்லை. அவளுடைய கம்பளிப் போர்வை இருந்தது. அதற்குள் கைக்குழந்தையைச் சுற்றியதுபோல் சுற்றி ஐஸ் பாளம் இருந்தது.

"என் சாப்பாடு எங்க?"

வெண்டல் தங்கள் காரைக் காட்டினார். பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, கடையில் வாங்கியது. காலையில் பேப்பர் வாங்கப் போகிறேன் என்று போனதெல்லாம் பெட்ரோல் பங்கில் அதற்கு ஐஸ் வாங்கத்தான். சாலட் அதில் ஜம்மென்று இருந்தது.

"சாப்பாட்டுல இருக்கற சூடு ஐஸைத் தின்னுடும்மா," என்றார் தணிந்த குரலில். "நீ வியாழக்கிழமை குளிக்கப் போனப்போ..."

"ரெண்டு ராத்திரி நான் நடுங்கிக்கிட்டுப் படுத்தேன்."

"ஒம்பதரை பவுண்டு நிக்குது! யோசிச்சுப் பாரு, ஒம்பதரை!"

பல் டாக்டர் கர்ட்டிஸ் சத்தம் கேட்டு வந்தார். போர்வையைப் பார்த்தார். "இது கொஞ்சம் வித்தியாசமா இருக்கு," என்றார். அந்தப் பக்கத்தில் அதைவிடக் கொடிய வசவு கிடையாது. கூடியிருந்தவர்கள் எல்லோரும் ஏரியில் ஏதோ விசேஷம் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மார்லிஸ் பாளத்தைத் தூக்கித் தரையில் கிடந்த கல்லில் போட்டாள். வெண்டலின் சுத்தியலையே எடுத்து நாலு போடு போட்டாள். எலுமிச்சைச் சாறு ஜாடி நிறைய ஐஸ். அக்காவுக்கு ஒரு டம்ளர், கர்ட்டிஸுக்கு ஒன்று, வேடிக்கை பார்த்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்று.

"வெண்டல், உனக்கு?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

"வேண்டாம், எனக்காக எதுக்கு..."

அவரை யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. வெற்றுப் பெட்டியின் பீடிங்கைத் துடைக்கிற சாக்கில் அவர் டிரெய்லருக்குப் பின்னால் போய்விட்டார்.

சகோதரிகள் இரண்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்கள். ஆர்டிஸ் ஒரு ஐஸ் துண்டைக் கடித்தாள்.

"அந்த வான்கோழிய நினைச்சா எனக்கு இன்னிக்கும் வெக்கமா இருக்கு," என்றாள் மார்லிஸ். "அவரு அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது."

"போடி இவளே. வான்கோழிக்காகவா ஆறு வருஷம் பேசாம இருந்தேன்? அவன் கதவைக் கழட்டுவான், அவன் பிறவி அப்படி. நீ பக்கத்துல நின்னு ஸ்க்ரூவையெல்லாம் கையில வாங்கி வெச்சுக்கிட்டியே. என் கிச்சன்ல. ஒரு வார்த்தை பேசாம."

மார்லிஸ் இத்தனை வருஷமும் அது அக்காவுக்கும் புருஷனுக்கும் நடந்த சண்டை, நடுவில் மாட்டிக்கொண்டவள் தான் என்றே நினைத்திருந்தாள். அந்த நினைப்பில் தன்மேல் பரிதாபம்கூடப் பட்டிருக்கிறாள்.

"எட்டு ஸ்க்ரூ," என்றாள் மார்லிஸ். "தப்பு என்னோடதுதான், ஆர்டிஸ்."

ஆர்டிஸ் கைப்பையைத் தோளிலிருந்து கழற்றிப் புல்லில் வைத்தாள். பிறகு, சாலட் எங்கே, பசிக்கிறது என்றாள்.