மூடுபனி வேண்டாம்

1

சீன மலை ஓவியம் ஒன்றைப் பார்த்தபோது இந்தக் கதை மனதில் விழுந்தது என்று தொடங்கலாம். வாசிக்க வடிவாக இருக்கும். பொய். இது கோபத்தில் தொடங்கியது. அம்மா அப்பாவிடம் திரும்பிப் போகாமலிருக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டது. ஓவியங்கள் பார்க்க அம்மாவை நூதனசாலைக்குக் கூட்டிப்போனேன்.

முதல் தொடக்கம்: "பனி கொட்டிக்கொண்டிருந்தது. புஷ்பராணி தன் கையுறைகளை..." [வெட்டியாயிற்று. புஷ்பராணி அம்மாவின் பெயர். மொன்றியல் என்றால் பனிதானா? அது மே மாதம்.]

இரண்டாவது: "மலைகளின் முன்னால் மனிதர்..." [சீன மலை ஓவியங்கள் பற்றிய என் பல்கலைக்கழகக் கட்டுரையின் வரி. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். "மலை பாக்கவோ உன்னைப் படிக்க விட்டனாங்கள்?" என்றார் அப்பா.]*

* மொன்றியலிலும் ஒரு மலை இருக்கிறது. அதைக் கொண்டுவரமாட்டேன். எல்லோரும் கொண்டுவருகிறார்கள்.

2

அந்த ஓவியத்தில் மலையின் இடுப்பில் மை படவேயில்லை. தாள் வெறுமையாகக் கிடந்தது. அதுதான் மூடுபனி என்று அம்மாவுக்கு விளக்கினேன்.

"நல்ல வேலை," என்றார். "எல்லாத்தையும் கீறிக் காட்டத் தேவையில்லைப் பிள்ளை."

அவருக்காக நானும் அப்படி எழுதிப் பார்த்தேன்: "மார்கழியில் லவாலில், அப்பாவோடு இருந்த வீட்டில் (                    ). அம்மா செயின்ட்-மிஷேலுக்கு, என்னிடம் வந்துவிட்டார்."

ஓவியத்தில் அந்த வெறுமை எனக்குப் பிடிக்கும். எங்கள் ஆட்களிடம் பிடிக்காது. கோயிலில் அம்மாவின் கட்டுப்போட்ட கையைக் கண்ட அத்தனை பேரும் தாளை வெறுமையாகவே விட்டார்கள். ஆகவே நிரப்புகிறேன்: அப்பா அம்மாவின் வலது கையை முறுக்கி உடைத்தார். காரணம் கேட்காதீர்கள்.

இதை அச்சில் கண்டால் அம்மா என்னோடு கதைக்கமாட்டார். பரவாயில்லை.

3

அம்மாவை நான் நம்பவில்லை, கதாபாத்திரமாகச் சொல்கிறேன். நூதனசாலை வாசலில் காவலர் அவருடைய பையை வாங்கி வைத்தபோதுதான் அதன் பாரத்தைக் கவனித்தேன்.

"பாக் எதுக்கம்மா?"

"சும்மா. ரெண்டு சீலை."

"மலை பாக்க மாத்துச் சீலையோ?"

"கொப்பர் போன் எடுத்தவர். நாலு மணிக்கு மொன்மோறான்சி ஸ்ரேசனிலை காரோட நிப்பாராம்."

"அப்பாவுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை."

ஓவியத்தில் மலையடியில் ஒரு பாலம். பாலத்தில் ஓர் ஆள், எறும்பளவு, முதுகில் மூட்டையோடு.

"இந்தாள் வீட்டை விட்டுப் போறாரோ, வீட்டை திரும்பிப் போறாரோ? சொல்லுங்கோ பாப்பம்."

அம்மா கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்தார். "முகத்தைக் கீறாமல் விட்டால் ஆருக்குத் தெரியும்? நீதானே இதுக்குப் படிச்சனி, நீ சொல்லு." பிறகு சிரித்தார். "கூனலைப் பாத்தால் ஹோட்டல் அறை துடைக்கப் போற ஆள் மாதிரிக் கிடக்கு. என்னை மாதிரி."

நான் சிரிக்கவில்லை.

4

திரும்பி வந்த மெட்ரோ ஜோன்-தலோனில் நிற்கிறது. செயின்ட்-மிஷேலுக்கு இங்கே இறங்கி நீலப் பாதைக்கு மாற வேண்டும். இறங்காமல் இருந்தால் இதே வண்டி மொன்மோறான்சி போகும். லவால். கார். அப்பா.

முடிவு ஒன்று: அம்மா என்னோடு இறங்குகிறார். [எனக்கு வேண்டிய முடிவு. அதனாலேயே நம்ப முடியவில்லை.]

முடிவு இரண்டு: நான் மட்டும் இறங்குகிறேன். கதவு மூட, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அம்மா... [இதை எழுதமாட்டேன்.]

முடிவு மூன்று: நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கிறேன். [வெட்டு. இந்தக் குடும்பத்தில் கையை இழுக்க ஓர் ஆள் போதும்.]

கதவு திறந்திருக்கிறது. அம்மா எழுந்துவிட்டார். தோளில் பை, எனக்கு முதுகு. இறங்கத்தான் எழுந்தாரா, ஏறிவந்த கர்ப்பிணிக்கு இடம் விட எழுந்தாரா? முகத்தை நான் வரையப்போவதில்லை.

மீதி உங்களுடையது. ஆனால் அவரை லவாலுக்கு அனுப்புவதென்றால், இரண்டாம் பகுதியில் நான் நிரப்பிய வரியை முதலில் சத்தமாக வாசியுங்கள்.

பிறகு அனுப்புங்கள்.