மீட்டர் காட்டிய ஏழு

மாமா அப்துல் ஸமத் விடிகாலை சுபஹுத் தொழுகை நேரத்தில் உயிர் பிரிந்து மௌத்தானார். அவருடைய மகன், என் கணவர் றினோஸ், வாசலில் நின்று கட்டாரிலிருக்கும் தங்கச்சி ஷஸ்னாவுக்குச் செய்தி சொன்னார். "நானா, வாப்பாட முகத்தக் காட்டாமத் தூக்கிடாதீங்க" என்று அவள் கதறியது எனக்கும் கேட்டது. "காட்டுறேன் தங்கச்சி" என்று இவர் சொல்லி வாய் மூடவில்லை, ஃபோன் அணைந்துவிட்டது.

மழைக்கு மலை சரிந்து யட்டவத்தைப் பாதை மூடிக் கிடந்தது. கரண்ட் போய்ப் பல நாள். அயலில் எவரிடமும் சார்ஜ் மிச்சமில்லை. எல்லா ஃபோனுக்கும் உயிர் கொடுத்தது இவர் பொருத்திய ஒரு சின்னப் பலகைதான். தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் எங்கள் லொறியின் பன்னிரண்டு வோல்ட் பெற்றரியை, ஃபோன் தாங்கும் ஐந்து வோல்ட்டாக அது இறக்கிக் கொடுக்கும். அன்றைக்குப் பார்த்து அது காலை வாரிவிட்டது.

இவர் வோல்ட் பார்க்கும் மீட்டரை அதில் வைத்தார். ஏழு காட்டியது.

"ஐஞ்சு வரணும், ஏழு வருது. அதான் ஃபோன் சார்ஜ் எடுக்குதில்ல."

பலகையிலுள்ள சின்னத் திருகாணியைத் திருகி ஐந்துக்குக் கொண்டுவந்தார். ஃபோன் அசையவில்லை. பழைய றேடியோவிலிருந்து ஒரு கப்பாசிட்டரைக் கழற்றி, ஈயம் ஒட்டும் இரும்பை அடுப்பு நெருப்பில் சூடாக்கிப் பொருத்தினார். மீட்டர் ஐந்து என்றது. ஃபோன் கறுப்பாகவே கிடந்தது.

ஒன்றைப் பிடித்தால் விடாத மனுசன் இவர். மற்ற நாளென்றால் கேலி பண்ணியிருப்பேன். அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. மகன் நின்று குளிப்பாட்ட வேண்டிய மாமாவின் மையித்தை, மாமாவின் தம்பி இத்ரூஸ் சாச்சா குளிப்பாட்டினார்.

"இஞ்ச பாருங்க, கபன் துணி சுத்தியாச்சு. எல்லாரும் முகம் பாக்குறாங்க. வாங்க."

"ஃபோனோட வாறேன் றஸ்மியா. நான் மட்டும் பாத்துட்டு அவளுக்கு என்னத்தச் சொல்ல?"

இன்னொரு தடவையும் கூப்பிட்டேன். நிமிரவே இல்லை. கடைசியில் சாச்சாவே வந்தார்.

"மழ திரும்பக் கட்டுது மகன். குழியில தண்ணி நெறஞ்சிடும். இனியும் வெச்சிக்கிட்டு ஈக்க ஏலாது."

முகத்தை மூடிவிட்டார்கள். மையித்து வைத்த சந்தூக்கைத் தூக்கும்போதுதான் இவர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தோள் கொடுத்தார்.

அடக்கிவிட்டு வந்தவர் சட்டை ஈரத்தோடு மறுபடி பலகைக்கு முன்னால் குந்தினார். நான் தடுக்கவில்லை. என்ன நினைத்தாரோ, மீட்டரை லொறிப் பெற்றரியிலேயே வைத்துப் பார்த்தார். பதினேழு!

பன்னிரண்டு வோல்ட் பெற்றரி பதினேழு காட்டுமா? மீட்டருக்குள் இருக்கும் குட்டி பெற்றரி தீர்ந்துகொண்டிருந்திருக்கிறது. அது தீரத் தீர மீட்டர் எல்லாவற்றையும் கூட்டித்தான் காட்டுமாம். பெற்றரி குறைவு என்று எச்சரிக்கும் அடையாளம் வரும் மூலையில் எப்போதோ கறுப்புக் கறை படிந்து மறைந்திருந்தது. பலகை காலையில் சரியாகத்தான் ஐந்தைக் கொடுத்திருக்கிறது. சரியாக இருந்ததை இவர்தான் திருகிக் கெடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவர், கையிலிருந்த மீட்டரை மட்டும் நம்பினார்.

திருகாணியை மீட்டரின் பழைய ஏழுக்கே திருப்பினார். பிறகு ஃபோனுக்குப் போகும் வயரை மெல்ல இழுத்தார். ஈயம் விட்டுக் கையோடு வந்தது. அவ்வளவுதான் பிழை. ஒட்டியதும் ஃபோன் வெளிச்சமானது. எனக்கு அந்த வெளிச்சத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இவர் அழைக்க முன்னமே அவள் வீடியோவில் அழைத்துவிட்டாள். அழுது வீங்கிய முகம்.

"காட்டுங்க நானா."

"அடக்கியாச்சு தங்கச்சி."

அவள் முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"சரி, சொல்லுங்க. கடைசியா வாப்பாட முகம் எப்படி ஈந்திச்சு?"

"நானும் பாக்கல்ல" என்றார் இவர்.

திட்டப்போகிறாள் என்று பயந்தேன். "எனக்காகவா நானா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

நான் ஃபோனை வாங்கிக்கொண்டு இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"முகம் வெளிச்சமா ஈந்திச்சு ஷஸ்னா. வாய் கொஞ்சம் சிரிச்ச மாதிரி. மீச கத்தரிக்கக்குள்ள மேலுதட்டுல பட்ட காயம் காஞ்சி, சின்னதா ஒரு கோடு ஈந்திச்சு..."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் றினோஸ்.