பிரம்மநாயகி கேட்ட கேள்வி

மனைவி ஐ.டி.ஐ.யில் சேர்ந்ததிலிருந்து முக்கூடல் கடைத்தெருவில் பெருமாள்ராஜை யாரும் சும்மா விட்டதில்லை. "என்னவே, வீட்டம்மாவப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வாரீரா?" என்று வாயைக் கிளறுவார்கள். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், பதிலடி கொடுக்கத் தெரியாதவனல்ல. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சிரித்து மழுப்பிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவான்.

பிரம்மநாயகிக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணமாகி வந்த நாள் முதல் பீடி சுற்றியவள். இலையும் தூளும் வாரத்தில் பாதி நாள் வராமல் போகவே, பெண்கள் எந்த வயதிலும் சேரலாம் என்று கேள்விப்பட்டுப் பேட்டை ஐ.டி.ஐ.க்குத் தானே போய் விசாரித்தாள். தையல் படிப்பாள் என்று அவன் நினைத்திருந்தான். எலக்ட்ரீஷியன் படிப்பில் சேர்ந்துவிட்டு வந்தாள்.

முதல் வருஷம் படாத பாடு பட்டாள். பத்தாம் வகுப்போடு விட்டுப்போன கணக்கு லேசில் திரும்பி வரவில்லை. கூடப் படித்த பிள்ளைகள் அவளை அத்தை என்று கூப்பிட்டார்கள். அதே வகுப்பில் அவள் வயதை ஒட்டிய இன்னொருத்தி பாலம்மாள் மட்டும்தான்.

படிப்பு முடியும் தறுவாயில், கங்கைகொண்டான் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஆள் எடுக்க வந்தார்கள். அன்று அவளைக் கொண்டுவிட வந்த பெருமாள்ராஜ், பெற்றோர்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டான். சென்னையிலிருந்து வந்திருந்த பயிற்சித் துறை அதிகாரி, கற்பதற்கு வயது தடையல்ல என்று அழகாகப் பேசிக் கைதட்டு வாங்கினார். அடுத்து மைக்கைப் பிடித்த தொழிற்சாலை மேலாளர், இருபத்தெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் தேர்வு எழுத வேண்டாம் என்றார்.

பெருமாள்ராஜுக்கு முகம் சுண்டிவிட்டது. வா, போவோம் என்று அவளுக்குச் சாடை காட்டினான். பிரம்மநாயகி எழுந்தாள். ஆனால் வாசல் பக்கம் திரும்பவில்லை.

"ஐயா, ஒரு சந்தேகம். படிக்க வயசு தடையில்லன்னு சொல்லிச் சேத்தீங்க. கவர்மெண்டு செலவுல ரெண்டு வருசம் சொல்லியும் குடுத்தீங்க. வேலைக்கு மட்டும் வயசு பாத்தா, நாங்க இத எதுக்குப் படிச்சோம்? பெயிலாப் போனா அனுப்புங்க, போயிருதோம். பரீட்சை வைக்காம அனுப்பாதீங்க."

குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் கடைசி வரை சொல்லி முடித்தாள்.

அதிகாரி மேலாளர் பக்கம் திரும்பினார். "அந்தம்மா நம்ம ரெண்டு பேரையும்தான் கேட்கிறாங்க சார்."

மேலாளர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அரை மணி நேரம் கழித்து வந்து, எல்லாரும் எழுதலாம் என்றார்.

எழுத்துத் தேர்வு முடிந்து, மத்தியானம் செய்முறைத் தேர்வு. பெருமாள்ராஜ் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். பழுதான மோட்டார் இணைப்பைச் சரிசெய்ய வேண்டும். அவள் முதலில் சுவிட்சைப் போட்டபோது மோட்டார் ஓடவில்லை. அவன் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான். அவளோ மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வயர்களைப் பைய ஒவ்வொன்றாக மறுபடி சோதித்தாள். ஒன்றைக் கழற்றி மாட்டினாள். மோட்டார் உறுமிக்கொண்டு ஓடியது.

தேர்வானவர்கள் பெயரை வாசித்தபோது அவள் பெயரும் வந்தது. பாலம்மாளுக்குக் கிடைக்கவில்லை. "வயசக் காட்டி அனுப்பல, மார்க்கு பத்தலன்னுதான் அனுப்புதாங்க. அடுத்த தடவை விடமாட்டேன்" என்று பிரம்மநாயகியின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

வாசலில் நின்ற ஒரு தகப்பன் பெருமாள்ராஜிடம் கேட்டார்: "ஒம்ம மகளுக்குக் கிடைச்சிருச்சா?"

"மக இல்லவே, என் பொண்டாட்டி" என்றான் அவன், கூட்டம் திரும்பிப் பார்க்கிற குரலில். "அந்தா வாராள்லா, எந்திரிச்சுக் கேள்வி கேட்டவ, அவதான்!"