ஹார்னர் சந்து எட்டாம் எண்ணில் குடியிருந்தவர்கள்

ஹார்னர் சந்து எட்டாம் எண் வீட்டில் நாற்பத்தொரு மாப்பிள்ளைகள் குடியிருந்தார்கள். அவர்களில் ஒருவரும் அங்கே ஓர் இரவு படுத்ததில்லை. குடியிருந்தவை அவர்களுடைய பெட்டிகள். ஓல்டன்ஷா நகரத்துப் புனித ஆஸ்வால்டு தேவாலயத்தில் கல்யாணம் செய்ய மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். ஓலை வாசிக்க அந்தப் பங்கில், அதாவது அந்தத் தேவாலயத்தின் எல்லைக்குள், குடியிருக்க வேண்டும். வெளியூர்க்காரனுக்கு அதற்கேது நேரம்? எட்டாம் எண் வீட்டுக்காரி திருமதி த்ரெல்ஃபாலின் மாடி அறையில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போய்விடுவான். பாதிரியாரும் கண்டும் காணாமல் அதையே விலாசமாக எழுதிக்கொள்வார். முதல் ஓலை வாசித்த அன்று பெட்டி இரண்டு தரம் இருமும். இரண்டாவது ஓலைக்குள் தேநீர் நேரத்தில் மூடியைத் தட்டப் பழகிவிடும். மூன்றாவதற்குள் ஆள் கனம் ஏறிவிடுவதால், எடுக்க வருகிற மாப்பிள்ளை துணைக்கு ஒருவனைக் கூட்டி வருவான். ஆறு பேர் மட்டும் கல்யாணம் முடிந்தும் எடுக்க வரவேயில்லை. அந்த ஆறு பெட்டிகளுக்கும் அங்கேயே வயதாகிக்கொண்டிருந்தது.

மேவிஸ் கிராகுக்கு இது எதுவும் தெரியாது. அறுபது வயது, கல்யாணம் ஆகாதவள், பிஸ்கட் ஆலையில் முப்பத்தெட்டு வருடம் பொட்டலம் கட்டியவள். பிடிவாதத்தில் அம்மாவையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். அவள் நான்கு மாதக் குழந்தையாக இருந்தபோது கப்பல் வேலை தேடி லிவர்பூலுக்குப் போன அப்பா ஹெர்பர்ட், போனவர்தான். அம்மா அடா அதன்பின் அறுபது வருடம் அந்தப் பெயரை வாயில் எடுக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துநாலு நவம்பரில், முதியோர் இல்லத்தில் நினைவு கலைந்துபோன பிறகு, வேறு எதையும் கேட்பதில்லை. தட்டை வைத்தால் தள்ளிவிடுவாள்.

“ஹெர்பர்ட் எங்க இருக்கான்? அவன் வராம நான் எப்படிடி சாப்பிடறது?”

மேவிஸ், அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்றாள், வந்துகொண்டிருக்கிறார் என்றாள். எந்தப் பொய்யும் எடுபடவில்லை. அடாவின் மோதிரம் விரலில் நிற்காமல் நூல் சுற்ற வேண்டி வந்தது. இப்படியே போனால் கிறிஸ்துமஸைத் தாண்டாது என்று நர்ஸ் சொன்னாள். மேவிஸ் கழிவறைக்குள் போய்த் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அப்பாவைப் பற்றி அவளிடம் இருந்தது கல்யாணப் பதிவேட்டின் ஒரு பிரதி மட்டும்தான். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே விலாசம், ஹார்னர் சந்து எட்டு. அதை முதலில் பார்த்தபோது மேவிஸுக்கு முகம் சிவந்துவிட்டது. தன் பாவாடை நீளத்துக்கு அத்தனை ஏச்சு ஏசிய அம்மாவா கல்யாணத்துக்கு முன்பே அவரோடு குடித்தனம் நடத்தியவள்? பிறகு அந்த விலாசத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பதினோரு வருடம், சனிக்கிழமை தவறாமல், அந்தச் சந்துக்காரர்களின் பள்ளிப் பதிவுகளையும் கல்லறைகளையும் சலித்தாள். ஒரு கிராக் கூடக் கிடைக்கவில்லை. இப்போது வேறு போக்கிடம் இல்லாமல், பதிவேடுகளைக் காக்கும் கோயில் ஊழியர் லம் முன்னால் போய் நின்றாள். லம் பிரதியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

“இது உங்கப்பா இருந்த வீடு இல்லம்மா. அவர் பெட்டி இருந்த வீடு. பொண்ணும் அதே விலாசத்தக் குடுத்திருக்குன்னா சேர்ந்து இருந்தாங்கன்னு அர்த்தமில்ல. ரெண்டு பங்குல ஓலை வாசிக்க அலையணுமேன்னு குடுத்தது.”

அப்படியானால் அவர் எங்கேதான் இருந்தார் என்று மேவிஸ் கேட்டாள். அது எங்கேயும் எழுதப்படவில்லை என்றார் லம். மேவிஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். பதினோரு வருடம் பாழ். லம் அவளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே, அறுபத்திரண்டில் ஹார்னர் சந்து வீடுகளை இடித்தபோது வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்த எல்லோருக்கும் நகராட்சி மாற்று வீடு கொடுத்தாக வேண்டியிருந்ததையும், யாரும் எடுக்க வராத ஆறு பெட்டிகளுக்கும் நகராட்சிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு வீடு ஒதுக்கியதையும் சொன்னார். கிராக் இன்னும் அங்கேதான் இருக்கிறார், மழைக்காலத்தில் கீல்தான் கொஞ்சம் இறுகிக்கொள்கிறது.

மேவிஸ் மழையோடு மழையாக அங்கே போனாள். பழுப்புப் பெட்டி, இரண்டு வார், மூடியில் ஹெர்பர்ட் கிராக் என்ற பெயர். சின்ன வயதிலிருந்து அப்பாவைக் கண்டால் கேட்க வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு மூடியைத் தொட்டாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. மற்ற ஐந்தும் மரியாதைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டன.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம்,” என்றாள். “அம்மாவ மட்டும் சாப்பிட வையுங்க.”

டாக்சிக்காரரும் அவளும் மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு போய் அடாவின் கட்டிலருகே வைத்தார்கள். அடா தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

“நனைஞ்சுட்டு வந்து நிக்கிறதப் பாரு, பெரிய மனுஷன்,” என்றாள். பிறகு கிண்ணத்தைக் கேட்டாள். பால்சோற்றில் ஒரு கரண்டியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள், ஒரு கரண்டியைப் பெட்டியின் மூடியிடம் நீட்டினாள். இரண்டு கரண்டியும் காலியாகத்தான் திரும்பின. மேவிஸ் அன்று குழாயைத் திறக்காமலேயே அழுதாள்.

அடா ஈஸ்டர் கழித்து, வயிறு நிறைந்த ஒரு மத்தியானத்தில் இறந்தாள். அடக்கத்தின்போது பெட்டி முன்வரிசையில் இருந்தது. அதன் அடியில் தேங்கிய தண்ணீரை லம் துடைத்துவிட்டார். இப்போது வாக்காளர் பட்டியலில் மேவிஸின் வீடான பீல் தெரு இருபத்திரண்டாம் எண்ணில் இரண்டு பெயர்கள்: கிராக் மேவிஸ், கிராக் ஹெர்பர்ட். பின்னால் வம்சாவளி தேடி வருகிறவர்கள் ஓல்டன்ஷாவின் மற்ற விலாசங்களை எவ்வளவு வேண்டுமானாலும் சந்தேகப்படட்டும், இதை அப்படியே நம்பலாம். ஆள் அங்கேதான் இருக்கிறார்.