சின்னானின் விரலும் பூபதி கடை மிசினும்

பதினோராயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். மல்லசமுத்திரம் பூபதி கடையில் சின்னான் வைத்திருந்த பாக்கி அது. மகள் தனப்பிரியா கல்லூரியில் சேர்ந்தபோது பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தவணைக்கு எடுத்திருந்தான். கொஞ்சம் கட்டியதும் அவன் கூலிக்குப் போகும் ஜல்லிக் கிரஷரில் வேலை குறைந்துபோனது. மகளோ அந்த மிசினைத் தொடுவதேயில்லை.

"எல்லாம் போன்லயே ஆயிருதுங்ப்பா. அது எதுக்கு ஊட்டுல எடத்தை அடைச்சுக்கிட்டு?" என்றாள்.

தொடாத பொருளுக்குக் கடன் கட்டுவது சாப்பிடாத சோற்றுக்குக் காசு கொடுப்பதுபோல் உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மிசினைப் போர்வையில் சுற்றி மொபெட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினான். திருப்பிக் கொடுத்துக் கடனைக் கழித்துவிட்டால் மூச்சு விடலாம்.

கடையே மாறிப்போயிருந்தது. கம்ப்யூட்டர்கள் இருந்த சுவர் முழுக்க போன் உறைகள் தொங்கின.

"இதையா தூக்கிட்டு வந்தீங்க, சின்னாண்ணா?" என்றான் பூபதி. "இனி இதை ஆரு வாங்கறாங்க? எம்பட மிசினையெல்லாம் நானே எடைக்குப் போட்டுட்டனுங்க."

"ஏனுங் தம்பி, எடுக்கையில தங்கமாட்டம் மிசினுன்னீங்களே?"

"அன்னைக்குத் தங்கந்தானுங்க. இப்ப ஒலகமே போன்ல ஓடுது. நீங்கதான் முதியோர் வகுப்புல எழுத்துப் படிச்சவராச்சே, இந்தாங்க, உங்க பேரை எழுதிப் பாருங்க."

சின்னான் போனில் விரலை வைத்தான். ஒன்றும் வரவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு அழுத்தினான். வருசக்கணக்காக ஜல்லி வாரி, ரேகை தேய்ந்து, காய்ப்பு ஏறிப்போன விரல். தன்மேல் ஒரு விரல் பட்டதே அந்தக் கண்ணாடிக்குத் தெரியவில்லை.

"ரேசன் கடையிலயும் இதே கூத்துதானுங்க. கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்கறேன்."

பூபதி சிரித்தான். "போனுக்கு நீங்க இன்னும் பொறக்கவே இல்லீங்ண்ணா!"

எதற்கும் ஓடுகிறதா பார்ப்போம் என்று பூபதி மிசினை மாட்டினான். தனப்பிரியா எப்போதோ பொத்தான்களில் தமிழ் எழுத்துகளை ஒட்டியிருந்தாள். தூசி தட்ட மட்டுமே அதைத் தொட்டிருந்த சின்னான், 'ச'வைத் தேடி ஒரு குத்து குத்தினான். வந்தது! 'ன'வை இரண்டு முறை தட்டினான். முதல் 'ன'வின் தலையில் புள்ளி தானாக வந்து உட்கார்ந்தது. வகுப்பில் அந்தப் புள்ளியை விட்டுவிட்டு எத்தனை திட்டு வாங்கியிருக்கிறான்! தன் பெயர் முழுசாக வந்ததும் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

அந்நேரம் மரவள்ளிக் கிழங்கு மில்லில் தோல் சீவும் கண்ணாத்தாள் உள்ளே வந்தாள். மில் பெண்கள் பஸ் இறங்கும் இடத்தில் விளக்கில்லை என்று கலெக்டருக்கு மனு வேண்டுமாம்.

"மனு அடிக்கறதை உட்டுட்டனுங்க. ஊட்டுல ஆரையாச்சும் போன்ல அடிக்கச் சொல்லுங்க" என்றான் பூபதி.

"ஊட்டுல ஆரு சாமி இருக்கறா? அந்தப் போனு எங் கையைக் கண்டா செத்துப்போயிருது. அதா, சின்னான் அடிக்கறானே, அதென்னவாம்?"

சின்னானுக்குக் காது சூடாகியது. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவள் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினான்.

"இருட்டுல பாம்பை மிதிக்கறோம்னு போடு."

"மனுவுல பாம்பு வருங்ளாக்கா?"

"ரோட்டுல வருதே, மனுவுல வரப்படாதா?"

பாம்பும் சேர்ந்து மனு முடிந்தது. பூபதி தன் போனில் அதைப் படமெடுத்து அப்படியே கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பிவைத்தான். கண்ணாத்தாள் ஐம்பது ரூபாயை வைத்துவிட்டு, "மில்லுல இன்னும் நாலு பேரு வருவாங்க" என்று சொல்லிப் போனாள்.

பூபதி அந்த ஐம்பதைக் கையில் எடுத்துப் பார்த்தான். "அண்ணா, மிசினை இங்கயே உட்டுட்டுப் போங்க. பாக்கியைக் கழிச்சர்றேன்."

கேட்க வந்த வார்த்தை அதுதான். சின்னானுக்கோ இப்போது தலையாட்ட வரவில்லை.

"வேண்டாங் தம்பி. மிசினு எம்படது. ஞாயித்துக்கிழமையானா கொண்டாந்து நானே அடிச்சுத் தாரேன். வர்றதுல பாதி பாக்கிக்கு."

"கடன் இன்னும் ஓடுங்ளே?"

"ஓடட்டும். கல்லு வாரியே பாதி உசுரு போச்சு. உக்காந்து ஒரு வேலை செஞ்சு பாக்கறனே."

ஆடியில் தொடங்கியது. பஞ்சாயத்துக்கு மனு, மில்லுக்கு லீவு லெட்டர், காதுகுத்துக்கு அழைப்பு என்று ஆள் வந்துகொண்டே இருந்தது. அவன் தட்டுவான், கூட வரும் தனப்பிரியா அதைப் படமெடுத்துத் தன் போனில் அனுப்பிவைப்பாள். கிரஷரில் கூலி வந்த வாரங்களில் அதிலிருந்தும் கொஞ்சம் கட்டினான்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பூபதி போனில் கணக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"பாக்கி தீந்துபோச்சுங்ண்ணா. ஒத்தப் பைசா இல்லை."

"இருங் தம்பி, இந்த வரி முடியட்டும்" என்றான் சின்னான்.